கொம்பு முளைத்த இஃப்ரீத்

மஃரிப் தொழுகைக்குப் பின் நடக்கும் எங்கள் மக்தபில் சென்ற ஆண்டு ஸூரத்துன் நம்ல் பாடம் நடந்துகொண்டிருந்தது. நபி சுலைமான் (அலை) அவர்களின் அவையில் ஸபா நாட்டு அரசியின் சிம்மாசனத்தைக் கொண்டுவருபவர் யார் என்ற கேள்வி எழும் இடம். ஜின்களில் ஓர் இஃப்ரீத் எழுந்து பேசும் 39ஆம் வசனத்தை ஓதி முடித்து, "இஃப்ரீத் என்றால் என்னவென்று யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்ற விடையை எதிர்பார்த்துக் கேட்கும் கேள்வி அது. ஆசிரியர்களுக்கு இப்படி ஒரு பழக்கம் உண்டு.

பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் கையை உயர்த்தினான். "எனக்குத் தெரியும் ஹஜ்ரத். பெரிய கொம்பு இருக்கும். உடம்பெல்லாம் நெருப்பு. எங்க காக்காதான் இஃப்ரீத்தா மாறி சண்டை போடுவாங்க."

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருமறையில் ஒரேயோர் இடத்தில் மட்டுமே வரும் சொல், பாடம் தொடங்கும் முன்பே வேறோர் உருவத்தோடு அந்தப் பிள்ளையின் மனத்தில் குடியேறியிருந்தது. அவனைக் கடிந்துகொள்ள நாக்கு நுனிவரை வந்த சொற்களை விழுங்கிவிட்டு, "நாளைக்கு உங்க காக்காவைப் பள்ளியில் என்னைப் பார்க்கச் சொல், தம்பி" என்றேன்.

அவனுடைய மூத்தவன் பொறியியல் மாணவன். ஏதோ குற்ற விசாரணைக்கு வந்தவனைப் போலத் தயங்கித் தயங்கி வந்தான். நான் கண்டிக்க அழைக்கவில்லை, கற்றுக்கொள்ளவே அழைத்தேன் என்று தெரிந்ததும் அவன் முகம் மலர்ந்ததைச் சொல்லி முடியாது. வீட்டுக்கே அழைத்துச் சென்றான். துபாயிலிருந்து சாச்சா வாங்கி அனுப்பிய பிளேஸ்டேஷன் கருவி தொலைக்காட்சியின் அடியில் இருந்தது. அன்று தொடங்கிய என் படிப்பு இரண்டு மாதம் நீடித்தது. அதில் கண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த விளையாட்டு நுழைந்திருக்கும் வீடுகளில் பெற்றோருக்கு இது பயன்படலாம்.

பெயர் ஃபைனல் ஃபேன்டசி. "இறுதிக் கற்பனை" என்று பொருள் கொள்ளலாம். ஆனால் அந்த இறுதி இன்னும் வந்தபாடில்லை. ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனத்தில் ஹிரோனோபு ஸகாகுச்சி என்பவரின் தலைமையில் உருவான முதல் விளையாட்டு 1987 டிசம்பரில் வெளிவந்தது. பதினாறாவது 2023இல் வந்தது. ஆடுபவர் கதைமாந்தர் ஒருவரின் இடத்தில் தம்மை வைத்துக்கொண்டு, ஊர் ஊராக நடந்து, மக்களிடம் பேசி, பகைவரை வென்று, நீண்டதொரு கதையைக் கடந்து செல்லும் வகை இது. ஒரு கதையை முடிக்க நாற்பது ஐம்பது மணி நேரம் ஆகும். இந்தக் கணக்கைக் கேட்டபோது எனக்குத் திக்கென்றது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இத்தொடரின் விந்தை ஒன்றுண்டு. வரிசை எண் பெற்ற ஒவ்வொரு விளையாட்டும் தனி உலகம். முதலாம் பாகத்தின் வீரர்கள் இரண்டாம் பாகத்தில் இல்லை. நாடு வேறு, அரசர் வேறு, வரலாறு வேறு. அப்படியானால் இவையெல்லாம் ஒரே குடும்பம் என்று ஆடுபவர் எதைக்கொண்டு அறிவார்? திரும்பத் திரும்ப வரும் சில பொருள்களையும் பெயர்களையும் கொண்டுதான். திருமணப் பந்தலுக்குப் பந்தல் மணமக்கள் வேறாக இருந்தாலும் அதே பிரியாணி, அதே பைத்து, அதே பெரியவர்கள் வந்து நிற்பது போன்றது இது.

நிலம், நெருப்பு, நீர், காற்று என்னும் நான்கு ஆற்றல்களைத் தாங்கிய பளிங்குக் கற்கள் முதல் பாகத்திலேயே உண்டு. அவற்றின் ஒளி மங்கியதால் கடல் கொந்தளிக்கிறது, நிலம் அழுகுகிறது. நான்கு இளைஞர்கள் ஆளுக்கொரு பளிங்கைக் கையிலேந்தி வருகிறார்கள். 1988இல் வந்த இரண்டாம் பாகத்தில் சொகோபோ என்னும் பறவை தோன்றியது. மஞ்சள் நிறம், நெருப்புக்கோழியின் உயரம், குதிரையைப் போல் ஏறிச் சவாரி செய்யலாம். 1990இன் மூன்றாம் பாகத்தில் மூக்ல் என்னும் வெள்ளை உயிரினம் வந்தது. ஜப்பானிய மொழியில் அதன் பெயர் மோகுரி. அகழெலி போன்ற மோல் என்னும் பிராணியைக் குறிக்கும் மோகுரா, வௌவாலைக் குறிக்கும் கோமோரி ஆகிய இரு சொற்களையும் பிசைந்து செய்தது. எங்கள் சிறுவனின் தங்கைக்கு இந்த மூக்ல்தான் உயிர். வானில் பறக்கும் கப்பல் ஏறக்குறைய எல்லாப் பாகத்திலும் உண்டு. மயங்கி வீழ்ந்த தோழனை எழுப்பப் பயன்படும் ஃபீனிக்ஸ் பறவையின் மெல்லிறகும் அப்படியே.

இசையும் திரும்ப வரும். நோபுவோ உயெமாட்ஸு அமைத்தது. சண்டையில் வென்றதும் ஒலிக்கும் சிறு வெற்றி முழக்கம் ஒன்றுண்டு. பையன் கைப்பேசியில் பழைய பாகங்களை ஆடும்போது, அந்த முழக்கம் கேட்டால் அவனுடைய உம்மா அடுக்களையில் இருந்தபடியே "ஜெயிச்சுட்டியா, இனி சாப்பிட வா" என்பாராம். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் வீரர்கள் அணிவகுத்தபோது ஒலித்த இசைகளில் இத்தொடரின் இசையும் ஒன்று. ஜப்பானியர் இதைச் சிறுவர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கவில்லை, தங்கள் நாட்டின் முகங்களுள் ஒன்றாகவே உலகின்முன் வைத்தனர்.

சித் என்றொரு மனிதரும் இரண்டாம் பாகம் முதல் வந்துகொண்டிருக்கிறார். ஒரு கதையில் பறக்கும் கப்பல் கட்டுபவர், ஒன்றில் விமானி, ஒன்றில் கல்விக்கூடத் தலைவர். பெயர் ஒன்று, ஆள் வேறு. ஸ்பெயின் வரலாற்றில் எல் சித் என்று புகழ்பெற்ற பதினொன்றாம் நூற்றாண்டுப் படைத்தலைவர் ஒருவர் உண்டு. அந்தச் சித் நம் ஸய்யித் என்ற அரபுச் சொல்லின் சிதைவு. விளையாட்டின் சித் அவரைக் குறிப்பவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஒலி ஒத்திருப்பதைக் கண்டதும் அரபி படித்தவனின் காது சற்றே நிமிர்ந்தது, அவ்வளவுதான்.

ஆனால் நிமிர்ந்த காது பிறகு தாழவே இல்லை.

மூன்றாம் பாகத்தில்தான் அழைத்து வரப்படும் ஆற்றல்மிக்க உருவங்கள் என்ற ஏற்பாடு முதலில் வந்தது. மந்திரம் சொன்னால் அவை தோன்றிப் பகைவரைத் தாக்கிவிட்டு மறையும். அந்த முதற்பட்டியலிலேயே இஃப்ரீத் இருக்கிறது. ஜப்பானிய எழுத்து முறையில் "இஃபுரீட்டோ". கொம்பும் கோரைப்பல்லும் உடைய நெருப்பு விலங்கு. அதன் தாக்குதலுக்கு "நரக நெருப்பு" என்று பெயர். ஜின்கள் நெருப்பிலிருந்து படைக்கப்பட்டவை என்பதை எங்கோ யாரோ கேட்டறிந்து வைத்த உருவம் இது. கொம்பு மட்டும் அவர்களுடைய கைச்சரக்கு.

அதே மூன்றாம் பாகத்தில் இன்னொன்றும் கண்டேன். கதையின் தொடக்கத்தில் ஓர் ஊர் மக்கள் அனைவரையும் ஆவியுருவாக்கிவிட்ட கொடியவன் ஒருவன் வருகிறான். அவன் பெயரே ஜின். அவனை அடக்குவது எது தெரியுமா? ஒரு மோதிரம். சுலைமான் நபியின் மோதிரத்தைப் பற்றி மக்களிடையே வழங்கும் கதைகளைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் இது புதிதாகத் தோன்றாது. அக்கதைகள் திருமறையில் உள்ளவை அல்ல என்பதையும் பையனிடம் அங்கேயே சொல்லிவைத்தேன். முதல் பாகத்தில் உலவும் பிணந்தின்னிப் பேயின் பெயர் கூல். அறியாமைக் கால அரபியர் பாலைவனத்தில் வழிப்போக்கரை மயக்கி அழிப்பதாக அஞ்சிய அதே கூல். அந்த அச்சத்தை மறுத்துரைக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு.

இவற்றையெல்லாம் விட என்னை வியக்கவைத்தது பஹமூத்.

இவ்விளையாட்டில் பஹமூத் பறவைநாகங்களின் அரசன், நெருப்பை உமிழும் சிறகுடைய டிராகன். முதல் பாகத்தில் குகையில் வீற்றிருந்து, வீரர்களின் துணிவுக்குச் சான்றாக ஓர் எலியின் வாலைக் கொண்டுவரச் சொல்லி, கொண்டுவந்தோருக்குப் பதவி உயர்வு அளிக்கும். (எலிவால் ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள்.) பிற்பாடு அழைத்து வரப்படும் உருவங்களில் மிக வலிமையானவற்றுள் ஒன்றாகிவிட்டது. பையன்களுக்கு அதன்மேல் அளவற்ற மதிப்பு.

ஆனால் பஹமூத் டிராகன் அன்று. அது ஒரு மீன்!

1283இல் மறைந்த அல்கஸ்வீனியின் அஜாயிபுல் மக்லூகாத் முதலான அரபு நூல்களில் உலகின் அமைப்பைப் பற்றிய பழைய கதை ஒன்று பதிவாகியுள்ளது. பூமியை ஒரு வானவர் தோளில் தாங்குகிறார். அவர் பாதத்தின் கீழே ஒரு பாறை. பாறையைத் தாங்குவது ஒரு காளை. காளையைத் தாங்குவது ஒரு மாபெரும் மீன். அந்த மீனின் பெயர்தான் பஹமூத். மீனுக்கு அடியில் நீர், நீருக்கு அடியில் இருள். என் சிறுவயதில் நில அதிர்ச்சிச் செய்தி வந்தபோதெல்லாம் "மாடு கொம்பு மாத்துது" என்று உம்மம்மா சொல்வார்கள். அந்த மாடு இந்தக் கதையின் காளைதான் என்பது மதரஸாவில் ஓதப் போன பிறகே எனக்கு விளங்கிற்று. உலகப் படைப்பைப் பற்றிய கேள்விகளும் விடைகளும் தமிழுக்கும் பழையவை. 1572இல் மதுரையில் அரங்கேறிய வண்ணப் பரிமளப் புலவரின் ஆயிரம் மசலா அந்த மரபின் நூல்.

இக்கதை மார்க்கம் அன்று என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். திருக்குர்ஆனில் பூமியைத் தாங்கும் மீன் இல்லை. இப்னு கஸீர் போன்ற பேரறிஞர்கள் இத்தகைய செய்திகளை இஸ்ராயீலிய்யாத், அதாவது வேதக்காரர்களின் வழியாக வந்து கலந்தவை என்றே கருதினர். சொல்லின் வேரும் அதற்குச் சான்று. யூதர்களின் வேதத்தில் யோபுவின் ஆகமத்தில் பெஹிமோத் என்ற பெருவிலங்கும் லிவியாதான் என்ற கடற்பிராணியும் அடுத்தடுத்து வருகின்றன. அந்த பெஹிமோத்தே அரபியில் பஹமூத் ஆயிற்று. வரும் வழியில் தரைவிலங்கு மீனாகிவிட்டது!

இனி அந்தப் பயணத்தைப் பாருங்கள். 1838 முதல் 1840 வரை ஆயிரத்தொரு இரவுகளை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்ட எட்வர்ட் லேன், தம் குறிப்புகளில் இந்த மீனின் கதையை எழுதினார். 1957இல் அர்ஜென்டினாவின் எழுத்தாளர் போர்ஹெஸ் கற்பனை விலங்குகளைப் பற்றித் தொகுத்த நூலில் பஹமூத்துக்கு இடமளித்தார். 1974இல் அமெரிக்காவில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசை விளையாட்டு பிறந்தது. பகடையும் தாளும் கொண்டு ஆடுவது. 1977இல் வெளிவந்த அதன் அரக்கர் கையேட்டில் பஹமூத் நல்ல டிராகன்களின் அரசன் ஆனது. பத்தாண்டு கழித்து ஜப்பானியர் தங்கள் முதல் பாகத்தின் அரக்கர் பலரை அந்த மேசை விளையாட்டை அடியொற்றியே அமைத்தனர். எபிரேயத்தில் விலங்கு, அரபியில் மீன், அமெரிக்காவில் டிராகன், ஜப்பானில் டிராகன்களின் அரசன்.

இதில் நகைக்கத்தக்க செய்தி இன்னும் மீதமிருக்கிறது. அதே விளையாட்டுத் தொடரில் பெஹிமோத் என்ற பெயரிலும் ஓர் அரக்கன் திரும்பத் திரும்ப வருகிறான். ஊதா நிறம், பெரிய கொம்புகள், நான்கு கால். ஒரே சொல் இரண்டு சாலை வழியாகப் பயணம் செய்து, ஒரே கதைக்குள் இரண்டு பேராக வந்து சேர்ந்திருக்கிறது. சில இடங்களில் வீரன் பஹமூத்தை அழைத்து பெஹிமோத்தைக் கொல்லவும் முடியும். தன்னைத் தானே கொன்றுகொள்ளும் சொல்லை வேறெங்கே காண்பது? இதைச் சொன்னபோது பொறியியல் மாணவன் விளையாட்டை நிறுத்தி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்தாண்டுகளாக ஆடுகிறவன். "இது எனக்குத் தெரியவே தெரியாது ஹஜ்ரத்" என்றான்.

அவனும் எனக்கு ஒன்று சொன்னான். முதல் மூன்று பாகங்களுக்கும் கணினி நிரல் எழுதியவர் ஈரானில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நாஸிர் ஜெபெல்லி என்பதே அது. அவருடைய அனுமதிச் சீட்டின் காலம் முடிந்து அவர் அமெரிக்காவுக்குத் திரும்ப நேர்ந்தபோது, உடன் பணியாற்றியோர் கருவிகளைத் தூக்கிக்கொண்டு கலிஃபோர்னியாவின் ஸேக்ரமெண்டோவுக்கே அவரைத் தேடிச் சென்று வேலையை முடித்தார்களாம். இஃப்ரீத் முதன்முதலில் அத்தொடரின் திரையில் தோன்றியது மூன்றாம் பாகத்தில் என்று முன்னரே சொன்னேன். அதை அசைய வைத்த நிரல், நாஸிர் என்ற அரபுப் பெயர் தாங்கிய ஒருவரின் கையால் எழுதப்பட்டது.

"நம் சொற்களைக் களவாடிச் சிதைத்துவிட்டார்கள்" என்று சில பெற்றோர் என்னிடம் சினந்தனர். சினம் எனக்கும் இருந்தது, முதல் வாரத்தில். பிறகு பட்டியலைப் படித்தேன். இஃப்ரீத் நின்ற அதே வரிசையில் ஷிவா நிற்கிறது. நம் நாட்டுச் சைவர்கள் வணங்கும் பெயர். அங்கே அது பனிக்கட்டியை எறியும் நீல நிறப் பெண். கருடனும் உண்டு. பதினாறாம் பாகத்தில் அதுவும் பெண்ணுருவாகிப் புயலை எழுப்புகிறது. வடஐரோப்பியரின் ஓடின், கிரேக்கரின் டைட்டன், பழைய இராக்கின் கில்கமேஷ் எல்லாரும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஊருக் என்னும் பழம்பெரும் நகரத்தின் அரசனான கில்கமேஷ், 1992இன் ஐந்தாம் பாகத்தில் வாள்களைச் சேர்த்து அலையும் கோமாளி வீரன். பகை கொண்டு செய்த வேலை அன்று இது. சந்தையில் கிடைத்த அழகிய பெயர்களையெல்லாம் கூடையில் அள்ளிக்கொண்டு போனவர்களின் வேலை. என் பக்கத்து வீட்டுச் சைவ நண்பரிடம் பனிப்பெண்ணைப் பற்றிச் சொன்னபோது அவர் திடுக்கிட்டார். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

ஆகவே என் கவலை களவைப் பற்றியது அன்று. இரண்டு வேறு கவலைகள் உண்டு. பதினாறாம் பாகம் வயது வந்தோருக்கு மட்டும் என்று தரம் குறிக்கப்பட்டது. குருதியும் கொடுமையும் ஆபாசமும் அதில் உண்டு. பதினொரு வயதுப் பிள்ளை மூத்தவனின் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறான். இதை அந்த வீட்டு உம்மாவிடம் வெளிப்படையாகச் சொன்னேன். பெட்டியின் மேலிருந்த எழுத்தை அவர்கள் படித்துப் பார்த்ததே இல்லை. அன்றிலிருந்து அந்தப் பாகம் இளையவன் உறங்கிய பிறகே என்று வீட்டில் விதி ஆயிற்று.

மற்றது அழைப்பதைப் பற்றியது. ஆபத்தில் மறைவான ஆற்றல்களைக் கூவி அழைத்தல் அங்கே விளையாட்டு. மனிதர் சிலர் ஜின்களிடம் பாதுகாவல் தேடினர், அது அவர்களை மேலும் கெடுத்தது என்று ஸூரத்துல் ஜின் 6ஆம் வசனம் கூறுவதை நாம் அறிவோம். பொத்தானை அழுத்தும் பிள்ளை ஜின்னிடம் உதவி தேடுகிறான் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அது பொம்மை என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் உண்மையான இஃப்ரீத்தை அவன் அறிந்திருக்க வேண்டாமா?

பதினாறாம் பாகத்தின் கதையில் இஃப்ரீத்தே நடுநாயகம். அண்ணன் ஒருவன் தன்னை அறியாமல் இஃப்ரீத்தாக உருமாறி, ஃபீனிக்ஸ் வடிவெடுத்த தன் தம்பியையே தாக்குகிறான். அதைச் செய்தது தானே என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிகிறான். கதை என்ற முறையில் கல்லையும் உருக்கும். அங்கே இஃப்ரீத் என்றால் அடக்கமுடியாத வெறி. திருமறையின் இஃப்ரீத்தோ அவையில் முறையோடு எழுந்து நிற்கிறது. சபை கலையுமுன் சிம்மாசனத்தைக் கொண்டுவருவதாகச் சொல்கிறது. அதற்குரிய வலிமை தனக்கு உண்டு, தான் நம்பிக்கைக்குரியவன் என்று இரண்டு தகுதிகளைக் கூறுகிறது. வலிமையை மட்டும் ஜப்பான்வரை எடுத்துச் சென்றவர்கள் இரண்டாவது தகுதியை வழியில் விட்டுவிட்டார்கள். அந்த அவையில் வென்றதும் வலிமை அன்று. வேத அறிவு பெற்ற ஒருவர் கண்ணிமைக்கும் நேரத்தில் அதைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்.

இதைத்தான் அடுத்த வாரம் வகுப்பில் 40ஆம் வசனத்தோடு சேர்த்துச் சொன்னேன். பிள்ளைகள் அன்று கேட்டதுபோல் என்றும் கேட்டதில்லை. விளையாட்டின் இஃப்ரீத்தைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன். கொம்பு எங்கிருந்து வந்தது, நெருப்பு எங்கிருந்து வந்தது, மீன் எப்படி டிராகன் ஆயிற்று என்பதை எல்லாம் கரும்பலகையில் ஊர் ஊராகக் கோடு போட்டுக் காட்டினேன்.

எங்கள் சிறுவன் மீண்டும் கையை உயர்த்தினான்.

"ஹஜ்ரத், சிம்மாசனத்தைக் கொண்டுவந்தவங்க பேர் என்ன?"

குர்ஆன் பெயர் சொல்லவில்லை என்றும், விரிவுரையாளர் பலர் ஆஸிஃப் இப்னு பர்கியா என்று கூறியிருக்கிறார்கள் என்றும் சொன்னேன். அவன் சற்று நேரம் யோசித்தான்.

"பதினாறு பாகத்திலயும் அவங்க இல்லையே ஹஜ்ரத்" என்றான்.

வகுப்பு மறுபடியும் சிரித்தது. இம்முறை நானும் சிரித்தேன்.